விடுதலைப் பத்திரம்

"பத்திர ஆபீஸ் கதையாகவே எழுதிக்கொண்டிருக்கிறீரே, உம்ம வீட்டுக் கதை ஒன்றும் கிடையாதா?" என்று பழைய சிநேகிதர் ஒருவர் போன மாதம் கேட்டார். உண்டு. எழுதத்தான் கை வரவில்லை. மகளிடம் போனில் கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா அம்மா பேரு வேண்டாம்" என்றாள். அதனால் யார் பேரும் இதில் இல்லை. ஊர்ப் பேரும் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1979-ல் எனக்குக் கல்யாணம். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் இல்லை. அவள் அரசுப் பள்ளியில் டீச்சர். நான் பதிவுத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் துறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேசைக்கு மேலே ஒரு கட்டணம், மேசைக்குக் கீழே ஒரு கட்டணம். நான் கீழே கை நீட்டியதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. சேகரக் கமிட்டியில் முப்பத்திரண்டு வயதிலேயே இடம் கிடைத்தது. இதெல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரு திமிரை வளர்த்திருந்தது என்று அப்போது தெரியவில்லை.

வீட்டில் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அவள் சம்பளமும் என் கையில்தான். காய்கறிக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பேன், மாலையில் கணக்குக் கேட்பேன். அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். என் அம்மா எங்களோடு இருந்தார்கள். இரண்டு பேருக்குள் பேச்சு வந்தால் நான் விசாரித்ததே இல்லை, தீர்ப்பு முன்கூட்டியே எழுதி வைத்ததுதான். ஆபீசில் வருகிறவர்களை "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்கிற அதே வாய், வீட்டில் ஒரு தம்ளர் இடம் மாறி இருந்தால் என்னென்ன பேசியது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

1991 ஏப்ரலில் அவள் தன் தங்கைக்கு என்னிடம் கேட்காமல் இருநூறு ரூபாய் கொடுத்திருந்தாள். நோட்டில் கணக்கு உதைத்தது. கேட்டேன். "என் சம்பளம்தானே" என்றாள். கை நீட்டிவிட்டேன். மகளுக்கு எட்டு வயது, வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாக்கால் அடித்ததையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மே மாத லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தப் பக்கத்துக்கே மாறுதல் வாங்கிவிட்டாள்.

ஊரும் சபையும் என் பக்கம் நின்றன. "இவ்வளவு நல்ல மனுஷனை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது" என்று பெண்களே சொன்னார்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, கமிட்டியில் அப்படியே இருந்தேன். அவள் போன ஊர்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்க வேண்டாம் என்று அவளை நிறுத்தி வைத்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்தபோது எனக்குள் ஒரு மூலையில் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி சட்டம் கொஞ்சம். நம் கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துக்கு இருந்தது 1869-ஆம் வருடச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது, சுதந்திரம் வந்தும் ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அதன்படி மனைவி நடத்தை தவறினாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து உண்டு. மனைவிக்கு அது போதாது. கணவன் நடத்தை தவறியதோடு கொடுமைப்படுத்தினான் என்றோ, இரண்டு வருடம் கைவிட்டான் என்றோ சேர்த்துக் காட்ட வேண்டும். வெறும் கொடுமை என்றால் பிரிந்து வாழ உத்தரவு வாங்கலாம், அவ்வளவுதான், பந்தம் அறாது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிய வழியே கிடையாது. ஜில்லா நீதிபதி கொடுத்தாலும் ஹைகோர்ட்டில் உறுதி செய்ய வேண்டும். சட்டப் புத்தகம் எங்கள் ஆபீஸ் அலமாரியிலேயே இருந்தது. நான் படித்துப் பார்த்து நிம்மதியாக மூடி வைத்தேன். என்மேல் அப்படி எந்தப் பழியும் கிடையாதே! அவள் எங்கே போனாலும் என் மனைவிதான்.

அந்த நிம்மதிக்கு நான் வைத்த பேர் விசுவாசம். தினமும் ராத்திரி முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, அவள் மனதை மாற்றும், அவளை உணர்த்தும், வந்து மன்னிப்புக் கேட்கச் செய்யும்." பத்து வருடம் ஒரே மனு, ஒரே எதிர்மனுதாரர். 1997-ல் அம்மா போய்விட்டார்கள். அதன்பிறகு வீட்டில் நானும் அந்த மனுவும்தான்.

2001-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பரஸ்பர சம்மதத்தோடு பிரியலாம் என்று 10ஏ என்ற பிரிவு வந்தது. இரண்டு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த வருடம் கிறிஸ்துமஸ் கழிந்து அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள்ளை, அவ இன்னொருத்தனைக் கட்டப் போறதில்ல. அவ பேரு அவ பேராவே இருக்கணும்னு நெனைக்கா. ஒரு கையெழுத்துதான்."

மல்கியா இரண்டாம் அதிகாரத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். தள்ளிவிடுதலைத் தேவன் வெறுக்கிறார் என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். அவர் வாசிக்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்து லெந்து காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசுவது எங்கள் சபை வழக்கம். எனக்கு எப்போதும் ஐந்தாவதோ ஆறாவதோ கிடைக்கும். 2002-ல் ஐயர் ஏழாவதைக் கொடுத்தார். தம்முடைய ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புக்கொடுத்து உயிர் விடுகிற வார்த்தை. லூக்கா மட்டும்தான் அதை எழுதியிருக்கிறார். முப்பத்தோராம் சங்கீதத்து வார்த்தை அது, இயேசு அதைத்தான் சொல்கிறார். ஐயரிடம் விளக்கவுரைப் புத்தகம் ஒன்று இரவல் வாங்கினேன். லூக்கா அங்கே எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு, ஒரு பொருளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று இன்னொருவரிடம் வைப்பது என்று அர்த்தம் என்று போட்டிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். நம் துறை விஷயமாயிற்றே! பதிவுச் சட்டத்தில் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். இரும்புப் பெட்டியில் இருக்கும், யாரும் தொட முடியாது. அதை வைத்தே பிரசங்கத்தை எழுதிவிடலாம் என்று பேப்பரை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும் அதற்கு அடுத்த பிரிவு ஞாபகம் வந்தது. ஒப்படைத்தவர் வேண்டும்போது விண்ணப்பம் கொடுத்து அந்த உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பேனா நின்றுவிட்டது. பத்து வருடமாக ராத்திரிதோறும் ஆண்டவரிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, காலையில் எழுந்ததும் உறையைத் திரும்ப வாங்கி, பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வந்திருக்கிறேன்.

அந்த வாரத்திலேயே ஒரு வயதான அம்மா ஆபீசுக்கு வந்தார்கள். பூர்வீகச் சொத்தில் தன் பாகத்தைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம். இதுபோல நூற்றுக்கணக்கில் பதிந்திருக்கிறேன். பல பத்திரங்களில் வற்புறுத்தல் இருக்கும், எங்களுக்கும் தெரியும், கேட்டால் "சம்மதம்தான்" என்பார்கள். ஆகவே இந்த அம்மாவிடம் சற்று அழுத்தியே கேட்டேன்.

"எழுதிக் கொடுத்தது நீங்கதானா? வாசிச்சுக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு சாமி."

"பிறகு வந்து இதில எனக்குப் பாத்தியதை இருக்குன்னு சொல்ல முடியாதும்மா."

"சொல்லுததுக்கு இல்லன்னுதானே எழுதிக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு இடது கைப் பெருவிரலை நீட்டினார்கள். ரேகை வைத்த பிறகு விரலில் இருந்த மையைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, "ஏலே, பஸ்ஸு போயிரப் போவுது" என்று சத்தம் போட்டார்கள். அவ்வளவுதான். அவர்கள் மனதில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து மல்கியாவை மறுபடி எடுத்தேன். சிவப்புக் கோடு வசனத்தின் பாதியோடு நின்றிருந்தது. மீதிப் பாதியில் கொடுமையை வஸ்திரம்போல் மூடிக்கொள்கிற ஆளைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், உனக்கும் உன் இளவயதின் மனைவிக்கும் கர்த்தர் சாட்சியாக இருந்தார் என்று வருகிறது. சாட்சி! இரண்டு சாட்சி கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டு நிலத்தைப் பதியாதவன், அந்த வாசல்படியில் நின்ற எட்டு வயதுச் சாட்சியை மறந்துபோனேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமை. சபைக்கு முன்னால் அழுது அறிக்கை பண்ணினேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுதி வைத்திருந்ததில் முக்கால்வாசியை விட்டுவிட்டு நாலு நிமிடம் பேசிவிட்டு இறங்கினேன். "என்ன டேனியல் தாத்தா பேரன் இன்னைக்குச் சுருக்கா முடிச்சிட்டாரு" என்று வெளியே யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ராத்திரி பெட்ரோமாக்ஸ் காலத்து மேசை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு, அதில் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்திதான். ஒரு வெள்ளைத் தாளில் விடுதலைப் பத்திரம் எழுத ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு வேறு பாஷையில் ஜெபிக்கத் தெரியவில்லை. சொத்து விவரம் என்று போட்டு ஒவ்வொன்றாக எழுதினேன். அவள் திரும்பி வர வேண்டும் என்பது. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது. ஊர் என்னைப் பற்றிச் சொல்கிற நல்ல பேர். நான் செய்தது சரி என்கிற பாத்தியதை. இதுவரை ஓடிவிட்டது. கடைசியாக மகளின் பாசம் என்று எழுதும்போது கை நடுங்கியது. அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், பண்டிகைக்குப் பண்டிகை இரண்டு வரிக் கடிதம் வரும். அதையும் விட்டுக்கொடுத்தால் என்னிடம் என்ன மிஞ்சும்? அந்த வரியை எழுத வெகுநேரம் ஆனது. எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்றும் மல்கியாவில்தான் இருக்கிறது.

உடனே சமாதானம் வந்ததா என்றால், வரவில்லை. வயிற்றில் ஒரு காலி இடம் மாதிரி இருந்தது. விடிய விடியத் தூங்கவும் இல்லை. திங்கட்கிழமை அவள் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன்.

ஜூன் மாதம் மனுத் தாக்கல். ஆறு மாதம் கழித்து 2003 ஜனவரியில் மறுபடி போனோம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத்தனை வருஷம் ஆகியும் சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா?" என்று பொதுவாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். நான் சொன்னேன்: "அவங்க கேக்கிறது நியாயம்தான் ஐயா. தப்பு என் பேர்ல." வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சம்மத மனுவில் யார்பேரில் தப்பு என்று யாரும் கேட்கவில்லையே.

வெளியே வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. நகல் விண்ணப்பம் கொடுக்க அவள் அண்ணன் உள்ளே போயிருந்தார். பெஞ்சின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், நடுவில் அவளுடைய பை. பன்னிரண்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. "அன்னைக்கு அடிச்சதுக்கு மன்னிச்சிரு" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அண்ணன் வந்துவிட்டார்.

கமிட்டியிலிருந்து நானே விலகிக்கொண்டேன். கிறிஸ்தவன் கோர்ட்டுக்குப் போய் ரத்துப் பண்ணலாமா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. முன்பு என் பக்கம் நின்ற அதே ஆட்கள்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர்கள் வாசித்தது நான் கோடு போட்ட பாதியைத்தானே. எரேமியா மூன்றாம் அதிகாரத்தில் இஸ்ரவேலுக்குத் தள்ளுதற்சீட்டு கொடுத்ததாகக் கர்த்தரே சொல்கிற இடம் உண்டு. அதே அதிகாரத்தில் திரும்பி வா என்றும் கூப்பிடுகிறார். அதை வைத்து நான் யாரோடும் வாதாடவில்லை. தனியாக இருக்கும்போது வாசித்துக்கொள்வேன். முறிந்த வீட்டின் வலி தெரியாத தேவன் இல்லை என்பது எனக்குப் போதுமாக இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு எழுந்து போகத் தயங்கி ஐயரிடம் கேட்டேன். "யோக்கியனா இருந்த காலத்தில தைரியமா வந்தீரே, இப்ப வாறதுக்கு என்ன?" என்றார். அந்த ஐயர் கிண்டல்காரர்.

சமாதானம் எப்போது வந்தது என்று தேதி சொல்லத் தெரியாது. பத்திரத்துக்குத்தான் தேதி உண்டு. ஒருநாள் ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பல் விளக்கும்போதுதான் உறைத்தது. படுத்ததும் அவளோடு மனதுக்குள் ஒரு வழக்கு நடத்துவேன், அவள் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொல்லி ஜெயிப்பேன், பன்னிரண்டு வருடமாக அதுதான் எனக்குத் தூக்க மாத்திரை. நேற்று அதை நடத்தாமலே தூங்கியிருக்கிறேன்! அதன்பிறகும் சில ராத்திரி வழக்கு வரும். வந்தால் எழுந்து உட்கார்ந்து, "இது எழுதிக் கொடுத்தாச்சு ஆண்டவரே, இதில எனக்குப் பாத்தியதை இல்ல" என்று சத்தமாகச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "ராத்திரி யார்கூட சார் பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று விசாரித்தார். கணக்கு நோட்டை நிறுத்தினேன். அதற்கு ரொம்ப நாள் பிடித்தது, உண்மையைச் சொன்னால் விவாகரத்தைவிட அது கஷ்டம்.

2009-ல் மகளுக்குக் கல்யாணம். அவளே வந்து பத்திரிகை கொடுத்தாள். காப்பி குடித்துவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கோயிலுக்குள்ள மாமாதான் என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. உங்களுக்கு வருத்தமா?"

எனக்கு அந்தத் தாளின் கடைசி வரி ஞாபகம் வந்தது. "மாமாதானே வளர்த்தாங்க. அதுதான் முறை" என்றேன். பொய் இல்லை. வருத்தம் இல்லாமலும் இல்லை. இரண்டும் இருந்தன. கல்யாணத்தன்று நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மாமா கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது ஒரு அடி நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். பாட்டு நடந்துகொண்டிருந்ததால் அது நிறையப் பேர் கவனிக்கவில்லை. மறு வருடம் நான் ஓய்வு பெற்றேன்.

இப்போது பேரனுக்குப் பரீட்சை லீவு விட்டால் பத்து நாள் இங்கே வந்து இருப்பான். அவன் அம்மாச்சியைப் பற்றி என்னிடம் தாராளமாகப் பேசுவான், நானும் கேட்டுக்கொள்வேன். முழங்கால் வலியாம், கோயிலில் இப்போது நாற்காலியில்தான் உட்காருகிறாளாம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னமும் வசனம் சொல்லிக் கொடுக்கிறாளாம். ராத்திரி ஜெபத்தில் அவள் பேரைச் சொல்வேன். பேரோடு நிறுத்திக்கொள்வேன், மாற்றும், உணர்த்தும் என்று ஒன்றும் சேர்ப்பதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தபோது ஒரு எவர்சில்வர் தூக்கில் முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். மேலே துணி கட்டியிருந்தது. "நீ செஞ்சியா?" என்றேன். "அம்மா குடுத்துவிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். எள் கொஞ்சம் கூடுதலாகப் போடுவது அவள் கைப்பழக்கம்.

தூக்கு இரண்டு நாளில் காலியாகிவிட்டது. கழுவித் துடைத்து வைத்தேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் அம்மா சொல்வார்கள். கொல்லையில் எலுமிச்சை காய்த்திருந்தது. பழுத்ததாகப் பார்த்துப் பறித்துத் தூக்கு நிறையப் போட்டு, அதே துணியைக் கட்டி மகளிடம் கொடுத்தேன்.